குனிந்தால் வரும் படபடப்பு: மும்பையிலிருந்து ஓர் அட்ரீனலின் நிகழ்வு ஆய்வு

நோயாளிக்கு வயது 43. பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம், பிறந்து வளர்ந்தது தாராவியில். வீட்டிலேயே இட்லி அவித்துக் கொடுக்கும் தொழில். நள்ளிரவு தாண்டி எழுந்து மாவைக் கலக்கி அடுப்பைப் பற்றவைத்தால், விடிவதற்குள் பாத்திரங்கள் நிறைந்துவிடும். கணவர் அவற்றைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு சயான், மாட்டுங்கா பக்கம் விற்கப் போவார். மகள் கல்லூரியிலும் மகன் பள்ளியிலும் படிக்கிறார்கள். இந்தக் குறிப்பை எழுத அவர் சம்மதித்தார். பெயரையும், அவரை அடையாளம் காட்டக்கூடிய மற்ற விவரங்களையும் விட்டுவிட்டேன். அவர் என்னை டாக்டரம்மா என்பார், நான் அவரை அக்கா என்பேன். இங்கேயும் அக்கா என்றே எழுதுகிறேன்.

அக்காவுக்கு இரண்டு வருடமாக வந்து வந்து போகும் தொந்தரவு. திடீரென்று நெஞ்சு படபடவென்று அடிக்கும். பொட்டு இரண்டும் தெறிக்கிற மாதிரி தலைவலி. ஜாக்கெட் நனையும் அளவுக்கு வேர்வை. கை நடுங்கும், வாந்தி வரப் பார்க்கும். பத்து நிமிடம், இருபது நிமிடம், அவ்வளவுதான். எல்லாம் அடங்கி, உடம்பு அடித்துப் போட்டதுபோல ஆகிவிடும். முதலில் வாரத்துக்கு ஒரு தடவை வந்தது, கடைசியில் ஒரே நாளில் மூன்று நான்கு தடவை என்றானது. தொந்தரவு இல்லாத நேரத்தில் மனுஷி நன்றாகத்தான் இருப்பார். டாக்டரிடம் போய்ச் சேர்வதற்குள் பி.பி. சரியாகியிருக்கும்.

வார்டில் சேர்ந்த அன்று அவர் சொன்னதை கேஸ் ஷீட்டில் அப்படியே எழுதி வைத்தேன்: "செத்துருவேனோன்னு தோணுது டாக்டரம்மா. ஆனா மனசுல பயம் ஒண்ணும் கெடயாது. உடம்புதான் தனியா பயப்படுது."

இவ்வளவு துல்லியமாக ஒரு நோயாளி தன் நோயைச் சொல்லி நான் அதிகம் கேட்டதில்லை. அந்த இரண்டு வருடத்தில் இதையே அவர் மூன்று டாக்டர்களிடம் சொல்லியிருக்கிறார்.

அதுவரை நடந்தது

முதலில் பார்த்தவர் இ.சி.ஜி. எடுத்தார். ஒன்றும் தெரியவில்லை. வாயு என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். அடுத்தவர் மாதவிடாய் நிற்கிற வயசு, இப்படித்தான் இருக்கும் என்றார். ரத்தத்தில் சர்க்கரை கூடியிருந்தது, மெட்ஃபார்மின் ஆரம்பித்தார்கள். மலச்சிக்கலுக்குத் தனியாக மருந்து. ஆறு கிலோ எடை குறைந்ததை ராத்திரி வேலையின் கணக்கில் எழுதிவிட்டார்கள். மூன்றாவது டாக்டர் பதட்ட நோய் என்று முடிவு செய்து க்ளோனாசெபாம் எழுதினார். அக்காவுக்குத் தூக்கம் வந்தது, தொந்தரவு போகவில்லை.

அவர்கள் யாரையும் அலட்சியக்காரர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். எதிரே உட்கார்ந்திருப்பவர் தூக்கம் கெட்டு உழைக்கிற பெண். வீடு இடிபடுமா, எங்கே மாற்றுவார்கள் என்று தாராவி முழுக்கப் பேச்சாக இருக்கிற காலம். பி.பி. சரியாக இருக்கிறது, இ.சி.ஜி. சரியாக இருக்கிறது. பதட்டம் என்ற முடிவு கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அப்படி முடிவு செய்தால் பெரும்பாலான நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் ஒரே ஒரு கேள்வியை மூன்று பேரும் கேட்காமல் விட்டார்கள்: இது எப்போது வருகிறது, வரும்போது என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்? அதை நான் குறையாகத்தான் பார்க்கிறேன்.

அப்புறம் படபடப்பை அடக்க ப்ரோப்ரனலால் சேர்த்தார்கள். படபடப்புக்கும் கை நடுக்கத்துக்கும் எல்லோரும் எழுதும் பழைய, நல்ல மருந்து. மூன்றாம் நாள் விடிகாலை அக்காவுக்கு மண்டை பிளக்கிற தலைவலியும் வாந்தியும் வந்தன, மூச்சும் வாங்கியது. கணவர் டாக்சி பிடித்து கேஷுவல்ட்டிக்குக் கொண்டுவந்தார். பி.பி. 230/130. கை கால் ஜில்லென்று வெளுத்திருந்தன. நுரையீரல் அடிப்பகுதியில் நீர் கோத்த சத்தம் கேட்டது. நாடித் துடிப்பு மட்டும் நிமிடத்துக்கு 64.

டியூட்டியில் இருந்த இளம் டாக்டர் அந்த 64 என்ற எண்ணில் நின்றார். இவ்வளவு பி.பி., இவ்வளவு வேர்வை, நாடி மட்டும் ஏன் நிதானமாக இருக்கிறது? மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்ததும் விஷயம் புரிந்தது. ப்ரோப்ரனலாலை நிறுத்தி, நைட்ரோகிளிசரின் டிரிப் போட்டு, ஆக்ஸிஜன் வைத்தார். பிறகு கணவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார். அவர் யோசிக்கவே இல்லை: "குனிஞ்சா வருது சார். கிரைண்டர்லேர்ந்து மாவ வழிக்கக் குனிவா பாருங்க, அப்பத்தான் வரும்."

வார்டில் கண்ணால் கண்டது

இரண்டு நாள் கழித்து, ப்ரோப்ரனலால் உடம்பைவிட்டுப் போன பிறகு, காலை ரவுண்ட்ஸில் இருந்தோம். அக்கா கட்டிலுக்கு அடியில் இருந்த பையை இழுக்கக் குனிந்தார். நிமிர்ந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை. உதடுகூட வெளுத்திருந்தது. ஒரு நிமிடத்துக்குள் நெற்றியிலும் மேலுதட்டிலும் வேர்வை முத்து முத்தாக அரும்பியது. முன்னங்கையில் மயிர் சிலிர்த்து நின்றது. வெளிச்சத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தும் கண்மணி விரிந்திருந்தது. சிஸ்டர் கேட்காமலே பி.பி. பட்டையைச் சுற்றிவிட்டார். 216/124. நாடி 132. அந்த நேரத்தில் எடுத்த ரத்தத்தில் சர்க்கரை 214, பொட்டாசியம் 3.2. கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக நீடித்தது. பிறகு முகம் சிவந்து சூடானது, பி.பி. 124/80க்கு இறங்கியது, அக்கா தூங்கிப்போனார்.

இரண்டு வருடமாக எந்த டாக்டர் கண்ணிலும் படாத ஒன்றை வார்டே நின்று பார்த்தது. தலைவலி, வேர்வை, படபடப்பு மூன்றும் சேர்ந்து, விட்டு விட்டு வருகிறது. வெளிறல் இருக்கிறது. குனிந்தால் தூண்டப்படுகிறது. இத்தனையும் சேர்ந்தால் முதலில் நினைக்க வேண்டியது ஃபியோகுரோமோசைட்டோமா, அதாவது அட்ரீனல் சுரப்பியின் உட்பகுதியில் வரும் கட்டி. இது அரிது. பி.பி.க்காக வெளிநோயாளிப் பிரிவுக்கு வருகிறவர்களில் 1000 பேருக்கு 2 முதல் 6 பேரிடம் இருக்கலாம். ஆனால் கண்டுபிடிக்காமல் விட்டால் உயிரை எடுக்கும், கண்டுபிடித்தால் பெரும்பாலும் முழுதாகக் குணமாகும். அதனால்தான் அரிது என்று ஒதுக்கக் கூடாது என்கிறேன்.

உடம்புக்குள் என்ன நடந்தது

சிறுநீரகத்தின் தலையில் ஒட்டியிருக்கும் அட்ரீனல் சுரப்பி ஒவ்வொன்றும் நான்கைந்து கிராம் எடைதான். வெளிப்பகுதி கார்டிசால் போன்றவற்றைச் சுரக்கும். உட்பகுதி அட்ரீனலின் சுரக்கும். உணவில் வரும் டைரோசின் என்ற அமினோ அமிலம் முதலில் டோபாவாகவும், அது டோபமினாகவும், அது நார்அட்ரீனலினாகவும் மாறுகிறது. நரம்பு நுனிகளில் இந்த வரிசை நார்அட்ரீனலினோடு நின்றுவிடும். அடுத்த படிக்குப் போய் அட்ரீனலின் ஆக ஒரு நொதி வேண்டும், அந்த நொதி நன்றாக உருவாகக் கார்டிசால் ஏராளமாக வேண்டும். வெளிப்பகுதியின் கார்டிசால் ரத்தத்தோடு உட்பகுதி வழியாகவே போவதால், அட்ரீனலின் தயாராக இந்தச் சுரப்பியைவிடப் பொருத்தமான இடம் உடம்பில் இல்லை.

நல்ல உடம்பில் இந்தச் சுரப்பி தன்னிஷ்டத்துக்கு வேலை செய்யாது. தாதர் ஸ்டேஷனில் கிளம்பிவிட்ட லோக்கலைப் பிடிக்க ஒருவர் ஓடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மூளையிலிருந்து தண்டுவடம் வழியாக உத்தரவு வரும். நரம்பு நுனி அசிட்டைல்கோலினை வெளியிடும். அது பட்டதும் சுரப்பியின் உயிரணுக்கள் அட்ரீனலினை ரத்தத்தில் கொட்டும். ரத்தத்தில் அதன் அரை ஆயுள் இரண்டு மூன்று நிமிடம்தான். உத்தரவு நின்றால் சரக்கும் தீர்ந்துவிடும், இரண்டு ஸ்டேஷன் தாண்டுவதற்குள் மூச்சு சமனாகிவிடும். கட்டிக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. யாரும் உத்தரவு போடாமலே கொட்டும். வயிற்றை அழுத்திக் குனிந்தால் கொட்டும். வாந்திக்குப் போடும் மெட்டோகுளோப்ரமைடு போன்ற சில மருந்துகள் பட்டாலும் கொட்டும்.

ஒரே வேதிப்பொருள் இத்தனை இடத்தில் இத்தனை விதமாக வேலை செய்வது எப்படி? இதற்குப் பதில் சொன்னவர் அமெரிக்க மருந்தியலாளர் ரேமண்ட் ஆல்குவிஸ்ட். உறுப்புகளில் இதற்கு இரண்டு வகை ஏற்பிகள், அதாவது இந்த வேதிப்பொருள் வந்து ஒட்டி வேலையைத் தொடங்கும் இடங்கள், இருக்கின்றன என்று 1948இல் சொல்லி, ஆல்ஃபா, பீட்டா என்று பெயர் வைத்தார். அக்காவின் உடம்பையே வைத்துப் பார்க்கலாம். இதயத்தில் பீட்டா-1. அது தூண்டப்பட்டால் துடிப்பின் வேகமும் வலுவும் கூடும், அதுதான் படபடப்பு. தோல், குடல், சிறுநீரகம் இவற்றின் ரத்தக் குழாய்களில் ஆல்ஃபா-1. அது தூண்டப்பட்டால் குழாய் சுருங்கும். ஓடும் தண்ணீர்க் குழாயின் நுனியை விரலால் அழுத்தினால் உள்ளே அழுத்தம் ஏறுகிற மாதிரி பி.பி. ஏறும், தோலுக்கு ரத்தம் போகாமல் முகம் வெளுக்கும். மயிர் சிலிர்ப்பதும் கண்மணி விரிவதும்கூட ஆல்ஃபாவின் வேலைதான். தசைகளுக்குப் போகும் குழாய்களில் பீட்டா-2 இருக்கிறது. அது குழாயை விரிக்கும், கையை நடுங்க வைக்கும், பொட்டாசியத்தை ரத்தத்திலிருந்து உயிரணுக்களுக்குள் தள்ளும். 3.2 என்று இறங்கியது அதனால்தான்.

சர்க்கரைக் கதையும் இதில்தான் வருகிறது. அட்ரீனலின் பட்டால் கல்லீரல் சேமித்து வைத்த கிளைக்கோஜனை உடைத்து ரத்தத்தில் குளுக்கோஸை விடும். கணையமோ ஆல்ஃபா-2 வழியாக இன்சுலினைக் குறைத்துக்கொள்ளும். ஓடித் தப்பிக்க வேண்டிய உடம்புக்கு இது நல்ல ஏற்பாடு. இரண்டு வருடம் தினமும் நடந்தால் அதற்குப் பெயர் சர்க்கரை நோய். கொழுப்பும் இதேபோலக் கரையும், எடை குறையும். குடல் அசைவு மந்தமாகி மலச்சிக்கல் வரும். நான்கு சீட்டில் நான்கு நோயாக எழுதப்பட்டிருந்ததெல்லாம் ஒரே கட்டியின் வேலை.

இப்போது ப்ரோப்ரனலாலுக்கு வரலாம். அது பீட்டா-1, பீட்டா-2 இரண்டையும் அடைக்கும். பீட்டா-2 அடைபட்டதும் குழாயை விரிக்க ஆளில்லை. ஆல்ஃபா மட்டும் தனியாக நின்று குழாயைச் சுருக்குகிறது. கூடிப்போன எதிர்ப்பை மீறித் தள்ள வேண்டிய இதயத்தையும் மருந்து மந்தமாக்கிவிட்டது. நுரையீரலில் நீர் கோத்தது அதனால்தான். நாடி 64 என்று சாதுவாகக் காட்டியதும் அதனால்தான். இதன் மறுபக்கத்தை பிரிட்டிஷ் மருந்தியலாளர் ஹென்றி டேல் 1906லேயே கண்டிருந்தார். எர்காட் மருந்தைக் கொடுத்த விலங்குக்கு அட்ரீனலின் செலுத்தியபோது பி.பி. ஏறுவதற்குப் பதிலாக இறங்கியது. எர்காட் அடைத்தது ஆல்ஃபாவை என்பது, ஆல்குவிஸ்ட் வந்த பிறகுதான் தெளிவானது. முதலில் ஆல்ஃபாவை அடை, பிறகு வேண்டுமானால் பீட்டாவை அடை. எம்.பி.பி.எஸ். படிக்கும்போது எல்லோரும் மனப்பாடம் செய்யும் பாடம்தான் இது. நோய் பதட்டம் என்ற பெயரில் வந்தால் அந்தப் பாடம் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

பயம் எங்கிருந்து வந்தது

அக்கா சொன்ன வாக்கியத்துக்குத் திரும்ப வேண்டும். ரத்தத்தில் இருக்கும் அட்ரீனலின் மூளைக்குள் எளிதில் நுழையாது, ரத்த-மூளைத் தடுப்பு விடாது. அப்படியானால் சாவு வருவதுபோலத் தோன்றியது எப்படி? இதயம் அடிக்கும் வேகம், பி.பி., குடலின் நிலை எல்லாவற்றையும் வேகஸ் முதலான நரம்புகள் மூளைத்தண்டுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. அங்கிருந்து மூளையின் சொந்த நார்அட்ரீனலின் மையமான லோகஸ் செருலியஸுக்குச் செய்தி போகிறது. அது விழித்தால் மூளை முழுக்க விழிப்பு பரவும். சாலையில் பஸ் குறுக்கே வந்தால் பயத்துக்கான காரணம் கண்முன்னே இருக்கும், உடம்பின் கலவரம் அதோடு சேர்ந்துகொள்ளும். அக்காவுக்குக் காரணம் எதுவும் கண்முன்னே இல்லை. கலவரம் மட்டும் வந்தது.

ஸ்பெயின் நாட்டு மருத்துவர் கிரிகோரியோ மாரன்யோன் 1924இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பற்றித்தான். நோயாளிகளுக்கு அட்ரீனலின் ஊசி போட்டுவிட்டு எப்படி இருக்கிறது என்று கேட்டார். உணர்ச்சியைப் பற்றிப் பேசியவர்களில் பெரும்பாலோர் "பயந்ததுபோல இருக்கிறது", "அழுகை வரப்போவதுபோல இருக்கிறது" என்றார்கள். பயமாக இருக்கிறது என்று அவர்கள் சொல்லவில்லை. இட்லி மாவு வழிக்கும்போது அக்கா கண்டதும் இதையேதான்.

பதட்ட நோய் பொய்யான நோய் என்று யாரும் இதைப் படித்துவிட்டு நினைக்கக் கூடாது. அதுவும் இதே நரம்புகள், இதே வேதிப்பொருள்கள் வழியாக வரும் உண்மையான நோய், இந்தக் கட்டியைவிட எத்தனையோ மடங்கு அதிகமாகக் காணப்படுவது. படபடப்பு வருகிற எல்லோருக்கும் ஸ்கேன் எடுக்கச் சொல்லவில்லை நான். தொந்தரவு நடக்கும்போதே ஒரு தடவை பி.பி. பார்த்துவிடுங்கள் என்கிறேன். வீட்டில் வைக்கும் மிஷின் போதும், கல்லூரிக்குப் போகும் பிள்ளை பார்த்து எழுதி வைத்தால் போதும். அக்காவின் வீட்டில் இதை இரண்டு வருடம் முன்பே செய்திருக்க முடியும், யாராவது சொல்லியிருந்தால்.

உறுதிப்படுத்தியது

அட்ரீனலினையே ரத்தத்தில் அளக்கப் போனால் ஏமாந்துவிடுவோம். கொட்டும் நேரத்தில் உச்சத்தில் இருக்கும், மற்ற நேரத்தில் சாதாரணமாகத் தெரியலாம். ஆனால் கட்டி தனக்குள்ளேயே அதை ஓயாமல் மெட்டாநெஃப்ரினாக மாற்றி கசியவிட்டுக்கொண்டே இருக்கும். அதனால் மெட்டாநெஃப்ரினையும், நார்அட்ரீனலினிலிருந்து அதேபோல வரும் நார்மெட்டாநெஃப்ரினையும் அளப்பதுதான் வழி. ரத்தத்தில் பார்க்கலாம், அல்லது 24 மணி நேரச் சிறுநீரைச் சேர்த்துப் பார்க்கலாம். ரத்தம் எடுப்பதற்கு முன் நோயாளி அரை மணி நேரம் அமைதியாகப் படுத்திருக்க வேண்டும். உட்கார்ந்தபடி எடுத்தால் இல்லாத நோயைக் காட்டிவிடலாம். மன அழுத்தத்துக்குத் தரும் சில மருந்துகளும் முடிவைக் கெடுக்கும். அக்காவுக்கு இரண்டுமே பல மடங்கு கூடியிருந்தன. மெட்டாநெஃப்ரின் அவ்வளவு கூடியது கட்டி அட்ரீனலுக்குள்ளேயே இருப்பதற்கான அடையாளம். சி.டி.யில் இடது அட்ரீனலில் 4.5 செ.மீ. கட்டி தெரிந்தது. ஊசி குத்தி சாம்பிள் எடுக்கக் கூடாது. குத்தினால் கொட்டிவிடும்.

அறுவை சிகிச்சைக்கு முன்

இந்தக் கட்டியைக் கண்ட அன்றே வெட்டி எடுத்துவிட முடியாது. முதலில் ஆல்ஃபாவை அடைக்க பிராசோசின் கொடுத்தோம். முதல் மாத்திரையில் பி.பி. சட்டென்று விழலாம் என்பதால், படுக்கும்போது சின்ன அளவில் தொடங்கி மெதுவாக ஏற்றினோம். நான்கு நாள் கழித்து நாடி மட்டும் 100க்குக் கீழே இறங்கவில்லை. அப்போதுதான், ஆல்ஃபா நன்றாக அடைபட்ட பிறகு, பீட்டா அடைப்பானைச் சிறிய அளவில் சேர்த்தோம். முன்பு அவரைக் கேஷுவல்ட்டிக்குக் கொண்டுவந்த அதே வகை மருந்து. வரிசை மாறியதால் இப்போது எந்தத் தொந்தரவும் இல்லாமல் வேலை செய்தது.

இதில் அக்கா நம்ப மறுத்தது உப்பைத்தான். வருடக்கணக்கில் குழாய்கள் சுருங்கியே இருந்ததால் உள்ளே ஓடும் ரத்தத்தின் அளவும் குறைந்திருக்கும். ஆல்ஃபாவை அடைத்துக் குழாய்கள் விரிந்தால் நிரப்ப ரத்தம் போதாது, எழுந்து நின்றால் தலை சுற்றும். அதற்காக உப்பும் தண்ணீரும் தாராளமாகக் கொடுப்போம். "பி.பி.க்காரிய அப்பளம் தின்னுங்கிறீங்களே டாக்டரம்மா" என்றார். தட்டில் ஊறுகாயையும் அப்பளத்தையும் வைத்துக்கொண்டு, மகளைப் பார்த்து "நீயும் கேட்டேல்ல, டாக்டரம்மாதான் சொன்னாவ" என்று சாட்சி வைத்துக்கொண்டார். பன்னிரண்டாம் நாள் உட்கார்ந்த நிலையில் பி.பி. 122/76, நின்ற நிலையில் 104/68. மூக்கடைப்பு வந்திருந்தது. மூக்கின் ரத்தக் குழாய்கள் விரிந்ததால் வருவது அது, மருந்து போதுமான அளவு ஏறிவிட்டது என்பதற்கு நாங்கள் பார்க்கும் அடையாளங்களில் ஒன்று.

வயிற்றில் சிறு துளைகள் போட்டு லேப்ராஸ்கோப்பி முறையில் எடுத்தார்கள். கட்டியைக் கையாண்டபோது பி.பி. இரண்டு முறை 190க்கு மேல் போனது, மயக்க மருந்து நிபுணர் உடனுக்குடன் இறக்கினார். கட்டியின் ரத்தநாளத்தைக் கிளிப் போட்டு மூடியதும் 78க்கு விழுந்தது. சலைனும், கொஞ்ச நேரத்துக்கு நார்அட்ரீனலின் டிரிப்பும் கொடுக்க வேண்டியிருந்தது. அதுவரை எதை அடைத்து வைத்தோமோ அதையே வெளியிலிருந்து ஊட்ட வேண்டிய நிலை. நான்கு மணி நேரம் கழித்துச் சர்க்கரை 58. தடை நீங்கிய கணையம் இன்சுலினைத் தாராளமாக விடும் என்பது தெரிந்ததால், மணிக்கொருதரம் பார்த்துக்கொண்டிருந்தோம். டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றியதும் சரியானது.

பிறகு

ஐந்தாம் நாள் வீட்டுக்குப் போனார். பி.பி. மாத்திரை இல்லை, க்ளோனாசெபாம் படிப்படியாகக் குறைத்து நிறுத்தப்பட்டது. ஒரு மாதம் கழித்து எடுத்த மெட்டாநெஃப்ரின் அளவு சரியாக இருந்தது. மூன்றாம் மாதம் சர்க்கரையும் இயல்புக்கு வந்ததால், மறுபடி மெட்ஃபார்மின் தொடங்கவில்லை. ஆறு மாதத்தில் போன எடையில் பாதி திரும்பியது.

இந்தக் கட்டி வருகிறவர்களில் மூன்றில் ஒருவருக்காவது பரம்பரை மரபணுக் கோளாறு இருக்கும். குடும்பத்தில் யாருக்கும் இல்லாவிட்டாலும் பரிசோதிக்கச் சொல்வது அதனால்தான். ரெட், வி.எச்.எல்., எஸ்.டி.எச்.பி. உள்ளிட்ட மரபணுக்களைப் பார்த்ததில் அக்காவுக்குக் கோளாறு எதுவும் தெரியவில்லை. எனவே பிள்ளைகளுக்கு இப்போது பரிசோதனை தேவைப்படவில்லை. மறுபடி வராது என்று யாருக்கும் உறுதி கொடுக்க முடியாத கட்டி என்பதால், வருடத்துக்கு ஒரு முறை மெட்டாநெஃப்ரின் பார்க்க வேண்டும், குறைந்தது பத்து வருடத்துக்கு. முதல் வருடப் பரிசோதனை முடிந்தது, அளவு சரியாக இருக்கிறது. தேதியை மகள்தான் நினைவு வைத்து அழைத்து வந்தார்.